ஒப்பிட்டு உரைத்தல்: ஆங்கிலத் தேர்வும் நம் தமிழ் வகுப்பும்



வளைகுடா நாடுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. தொடக்க வகுப்புகளில் பயிலும்போது வார இறுதித் தமிழ் வகுப்பிற்கு ஆர்வத்துடன் அனுப்பப்படும் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ எட்டியவுடன் நிறுத்தப்படுகிறது. தேர்வு நெருங்குகிறது, ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சி வேண்டும், தமிழுக்கு இனி நேரமில்லை என்பதே பெரும்பாலும் கூறப்படும் காரணம். பிள்ளையின் எதிர்காலம் குறித்த பெற்றோரின் கவலை நியாயமானது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், தமிழ் வகுப்பை விடுவதால் ஆங்கிலத் தேர்வு எளிதாகிவிடும் என்னும் எண்ணம் சரியானதுதானா? அத்தேர்வில் கேட்கப்படும் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

தேர்வு கேட்பது என்ன?

வெளிநாட்டு உயர்கல்விக்கும், பிரித்தானியாவில் செவிலியராகப் பதிவு பெறுவது போன்ற தொழில் வாய்ப்புகளுக்கும் ஆங்கிலத் தகுதிச் சான்றாக ஏற்கப்படுவது ஐயெல்ட்ஸ் தேர்வு. 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் இத்தேர்வை வளைகுடாவின் பல நகரங்களில் நம்மவர் எழுதுகின்றனர். இதன் கல்விப் பிரிவில் எழுத்துத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், வினாக்கள் இரண்டு. அவற்றுள் முதல் வினா பெரும்பாலும் ஒரு விளக்கப்படத்தையோ, அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு விளக்கப்படங்களையோ தந்து, முதன்மையான செய்திகளைத் தெரிந்தெடுத்து எழுதுமாறும், பொருந்தும் இடங்களில் ஒப்பிடுமாறும் பணிக்கும். ஏறத்தாழ 20 நிமிடங்களில் 150 சொற்களுக்குக் குறையாமல் எழுதுதல் வேண்டும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளிலும், அண்மை ஆண்டுகளில், படத்தையோ அட்டவணையையோ பார்த்து 100 முதல் 120 சொற்களில் பகுப்பாய்வுப் பத்தி எழுதும் வினா இடம்பெற்றுள்ளது. ஆகவே, இது கல்லூரிக்குச் செல்வோர் மட்டுமன்றிப் பள்ளிப் பிள்ளைகளும் பழக வேண்டிய எழுத்து.

இவ்வினாவிற்கு விடையளிக்கச் சில பயிற்சி நிலையங்கள் காட்டும் குறுக்குவழி, ஆயத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்தல். 'வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது', 'சீராகச் சரிந்தது' என்பன போன்ற தொடர்களை ஆங்கிலத்தில் நாற்பது ஐம்பது உருப்போட்டுச் செல்லும் மாணவன், தேர்வறையில் எந்தப் படம் வந்தாலும் அவற்றையே அடுக்கி வைக்கிறான். சொற்கள் வருகின்றன, செய்தி வருவதில்லை. எதனை எதனோடு ஒப்பிடுவது, எதனை விடுவது, எது முதன்மை என்பதை முடிவு செய்யும் ஆற்றலை எந்த வாக்கியப் பட்டியலும் தர இயலாது. அவ்வாற்றல் மொழிக்கு முற்பட்டது. பார்வையையும் சிந்தனையையும் சார்ந்தது. அதனைப் பிள்ளையின் வீட்டு மொழியிலேயே தொடங்கி வளர்க்கலாம், வளர்க்க வேண்டும் என்பதே எம் கருத்து.

விழுக்காடு வேறு, எண்ணிக்கை வேறு

நாம் வாழும் நாட்டிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 1975ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் 5,57,887 பேர். அவர்களுள் அமீரகக் குடிமக்கள் 2,01,544. பிற நாட்டவர் 3,56,343. 2005ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ மொத்த மக்கள் 41,06,427 பேர். அவர்களுள் குடிமக்கள் 8,25,495. பிற நாட்டவர் 32,80,932. இவ்விரு ஆண்டுகளுக்கும் இரண்டு வட்ட விளக்கப்படங்கள் வரைந்தால், குடிமக்களுக்குரிய பகுதி முதல் வட்டத்தில் 36 விழுக்காடாகவும், இரண்டாம் வட்டத்தில் 20 விழுக்காடாகவும் தோன்றும்.

இப்படங்களைக் காணும் மாணவர் பலர் விரைந்து எழுதுவது, 'குடிமக்கள் தொகை குறைந்துவிட்டது' என்பதாகும். அஃது உண்மைக்கு நேர்மாறானது. குறைந்தது பங்கு, எண்ணிக்கையோ நான்கு மடங்காகப் பெருகியிருக்கிறது. பிற நாட்டவர் எண்ணிக்கை அதனினும் விரைந்து ஒன்பது மடங்கிற்கு மேற்பட்டதாயிற்று. அதனாலேயே குடிமக்களின் பங்கு சுருங்கிற்று. வட்டப் படம் பங்கினை மட்டுமே காட்டும். மொத்தத் தொகை படத்தின் அருகே தரப்பட்டிருந்தால் எண்ணிக்கை பற்றிப் பேசலாம். தரப்படாவிடில் பங்கு பற்றி மட்டுமே பேசுதல் வேண்டும்.

இதனைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதினால் எவ்வாறு அமையும்? மாணவச் செல்வங்கள் கருத்தில் கொள்வதற்காக ஒரு மாதிரியைக் கீழே தருகிறோம்.

"இவ்விரு படங்களும் 1975, 2005 ஆகிய ஆண்டுகளில் அமீரக மக்கள்தொகையில் குடிமக்களும் பிற நாட்டவரும் பெற்றிருந்த பங்கினைக் காட்டுகின்றன. இம்முப்பது ஆண்டுகளில் மொத்த மக்கள்தொகை ஏழு மடங்கிற்கு மேல் பெருகியது என்பதும், பெருக்கத்தின் பெரும்பகுதி பிற நாட்டவரால் நேர்ந்தது என்பதும் முதன்மைச் செய்திகள். 1975இல் குடிமக்கள் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியாக, அதாவது 36 விழுக்காடாக இருந்தனர். 2005இல் ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 20 விழுக்காடாக இருந்தனர். இதற்கு மாறாகப் பிற நாட்டவரின் பங்கு 64 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தது. எனினும் எண்ணிக்கையளவில் இரு பிரிவினரும் பெருகியுள்ளனர்: குடிமக்கள் ஏறத்தாழ 2 இலட்சத்திலிருந்து 8 இலட்சத்திற்கு மேலாகவும், பிற நாட்டவர் ஏறத்தாழ 3.5 இலட்சத்திலிருந்து 33 இலட்சமாகவும் உயர்ந்தனர்."

இப்பத்தியின் அமைப்பை உற்று நோக்குக. முதல் வாக்கியம் படங்கள் எவை என்று கூறுகிறது. இரண்டாம் வாக்கியம் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் சுருக்கித் தருகிறது. ஐயெல்ட்ஸ் தேர்வின் மதிப்பீட்டு அளவுகோல்களில் இந்த முழுநோக்கிற்குத் தனியிடம் உண்டு. இஃது இல்லாத விடை உயர்ந்த நிலையைப் பெறுதல் அரிது. அதன் பின்னரே எண்கள் வருகின்றன. எல்லா எண்களும் வரவில்லை. வேண்டியவை மட்டுமே வந்துள்ளன.

இன்னொன்றையும் காண்க. இப்பத்தியில் காரணம் எதுவும் கூறப்படவில்லை. எண்ணெய் வளத்தால் பெருகிய வேலைவாய்ப்பும், கடல் கடந்து உழைக்க வந்தோரின் கதைகளும் நாம் அறிந்தவையே. நம் குடும்பங்களுள் பல அந்த 32 இலட்சத்துள் அடங்கியவையே. ஆயினும் படத்தில் இல்லாததைப் படம் சொல்வதாக எழுதுதல் கூடாது. கண்டதைக் கண்டவாறு உரைத்தல், கருதியதைத் தனியே வைத்தல் என்னும் இந்த ஒழுக்கம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. செய்தித்தாளைப் படிக்கும்போதும், விளம்பரத்தைக் காணும்போதும், அடுத்தவரைப் பற்றிப் பேசும்போதும் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய ஒழுக்கம் இது.

பொதுத்தன்மை இன்றி ஒப்புமை இல்லை

உவமையணியைப் பயிலும் நம் மாணவர்கள் உவமானம், உவமேயம், உவம உருபு, பொதுத்தன்மை என்னும் நான்கினை அறிவர். முகத்தை நிலவோடு ஒப்பிட்டால் இரண்டிற்கும் பொதுவான பண்பு யாது என்று ஆசிரியர் வினவுவார். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமவியல் என ஓர் இயலையே இதற்கென வகுத்து, தொழில், பயன், வடிவம், நிறம் என்னும் நான்கு அடிப்படைகளில் ஒப்புமை தோன்றும் எனக் காட்டியுள்ளார். எதனையும் எதனோடும் ஒப்பிட்டுவிடலாகாது, ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை வேண்டும் என்பது நம் இலக்கணத்தின் பழம்பாடம்.

அப்பாடத்தைப் படங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழையால் நவம்பர் மாதத்தில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. துபாயிலோ ஆண்டு முழுவதற்குமான சராசரி 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதுவும் பெரும்பாலும் குளிர்கால மாதங்களில் பெய்வது. இவ்விரு நகரங்களுக்கும் மாதவாரியாக இரண்டு பட்டை விளக்கப்படங்கள் வரைந்து, சென்னைப் படத்தின் அளவுகோலை 400 வரையிலும், துபாய்ப் படத்தின் அளவுகோலை 30 வரையிலும் குறித்தால் என்ன நேரும்? இரு படங்களிலும் மிக உயர்ந்த பட்டை தாளின் உச்சியைத் தொடும். அளவுகோலைப் பாராத மாணவன் இரு நகரங்களிலும் மழை ஏறத்தாழ ஒரே அளவு என்று எழுதிவிடுவான். பட்டையின் உயரத்தை ஒப்பிடுவதன்று நம் பணி. பட்டை குறிக்கும் அளவை ஒப்பிடுவதே பணி. அலகு ஒன்றா, அளவுகோல் ஒன்றா, காலம் ஒன்றா என்னும் மூன்று வினாக்களும், 'பொதுத்தன்மை யாது' என்று தமிழாசிரியர் வினவும் அந்த ஒரு வினாவின் கிளைகளே.

படத்தின் தலைப்பில் 'சராசரி' என்னும் சொல் இருக்கிறதா என்பதையும் நோக்குதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அமீரகத்தில் பெய்த பெருமழையை நம்மில் எவரும் மறந்திரார். அல் ஐன் பகுதியின் ஓரிடத்தில் ஒரு நாளைக்கும் குறைவான நேரத்தில் 254 மில்லிமீட்டர் பதிவாயிற்று. 1949இல் பதிவுகள் தொடங்கிய பின்னர் இந்நாடு கண்ட மிகப்பெரிய மழை அது. பல ஆண்டுச் சராசரியைக் காட்டும் படத்தில் அந்த ஒரு நாள் தனித்துத் தெரியாது. சராசரி ஒன்றைச் சொல்லும், ஒருநாள் அளவு வேறொன்றைச் சொல்லும், இரண்டும் மெய்யே.

'ஆக' என்னும் சிறு சொல்

இனி மொழிக்கு வருவோம். தமிழ்நாட்டின் எழுத்தறிவு பற்றிய கணக்கெடுப்பு விவரங்களைக் காண்க. 2001இல் ஆண்கள் 82.42 விழுக்காடு, பெண்கள் 64.43 விழுக்காடு. 2011இல் ஆண்கள் 86.77 விழுக்காடு, பெண்கள் 73.44 விழுக்காடு. பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காடாக உயர்ந்தது என்பதும், 9 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது என்பதும் ஒரே நிகழ்வைக் கூறும் இருவேறு வாக்கியங்கள். முன்னது சென்றடைந்த இடத்தைக் காட்டுகிறது. பின்னது கடந்த தொலைவைக் காட்டுகிறது. தமிழில் 'ஆக' என்னும் சிறு சொல் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காக்கிறது. ஆங்கிலத்தில் இதே வேறுபாட்டை 'டு', 'பை' என்னும் இரு முன்னிடைச்சொற்கள் காக்கின்றன. இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் பொருளைக் குலைப்பது மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் பிழை. 'உயர்ந்தது' என்பதற்கும் 'ஆக உயர்ந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் உணர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாடம் ஒரு நொடியில் விளங்கும். உணராத பிள்ளைக்கு அது வெறும் விதியாகவே நிற்கும்.

அதே விவரத்தில் இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. 64.43 என்பது 73.44 ஆவது 9 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்வு. ஆனால் முன்பிருந்த அளவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்வு. 'புள்ளி' என்னும் சொல்லை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். மேலும், இருபாலாருக்கும் எழுத்தறிவு உயர்ந்தது என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், இடைவெளி 18 புள்ளிகளிலிருந்து 13 புள்ளிகளாகக் குறைந்தது என்று எழுதுபவரே உண்மையில் ஒப்பிட்டவர். முன்னது இரண்டு படங்களைத் தனித்தனியே விவரித்தல். பின்னது இரண்டையும் சேர்த்துப் பார்த்தல். பெண்கல்வி எவ்வளவு முன்னேறியது, இன்னும் எவ்வளவு தொலைவு உள்ளது என்பது அந்த 13 என்னும் எண்ணிலேதான் இருக்கிறது.

இக்கலையின் பயன்

படம் வரைந்து ஒப்பிடும் முறை தேர்வுக்காகத் தோன்றியதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வணிக விவரங்களைக் கோட்டு வரைபடமாகவும் பட்டைப் படமாகவும் வெளியிட்டார். 1801இல் வட்டப் படத்தையும் கையாண்டார். ஆனால் இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதன் ஆற்றலை உலகிற்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு செவிலியர். கிரிமியப் போரில் பணியாற்றிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1858இல் வெளியிட்ட படத்தில் இரண்டு வட்ட வடிவங்கள் உள்ளன. ஒன்று 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரையிலும், மற்றொன்று அடுத்த பன்னிரண்டு மாதங்களிலும் பிரித்தானியப் படையில் நேர்ந்த இறப்புகளைக் காட்டுகின்றன. தடுத்திருக்கக் கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, ஏனையவற்றிற்குக் கறுப்பு. 1855 சனவரியில் மட்டும் அத்தகைய நோய்களால் 2,761 பேரும், காயங்களால் 83 பேரும் மாண்டனர். துப்புரவுப் பணிகள் மேற்கொள்ளப்பட்ட பின்னர் வந்த இரண்டாம் ஆண்டின் வடிவம் மிகச் சுருங்கிக் காணப்படுகிறது. பகைவரின் குண்டைவிட மருத்துவமனையின் அழுக்கே கொடியது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவதைக் காட்டிலும் அவ்விரு வடிவங்கள் விளங்க உரைத்தன. இன்று வளைகுடா மருத்துவமனைகளில் இரவுப்பணி முடித்து, அயர்ந்த கண்களுடன் ஐயெல்ட்ஸ் நூலைத் திறக்கும் நம் செவிலியச் சகோதரிகள், தாம் பயிலும் பாடம் தம் தொழிலின் முன்னோடி ஒருவர் உயிர்காக்கக் கையாண்ட கருவி என்பதை அறிந்து பெருமை கொள்ளலாம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதினால் நடை கெடும் எனச் சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. 'சென்னையைக் காட்டிலும் துபாயில் மழை குறைவு' எனத் தமிழில் ஒப்பிடப்படும் பொருள் முன்னே வரும். ஆங்கிலத்தில் அது பின்னே வரும். தமிழில் 'பெரிது' என்னும் சொல் ஒப்புமைக்காகத் தன் வடிவை மாற்றிக்கொள்வதில்லை, ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளும். இவற்றை ஆங்கில வகுப்பில் ஆங்கிலமாகவே கற்றல் வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிழையே விளையும். தமிழ் வகுப்பு ஒன்றே போதும் என்று நாம் கூறவில்லை. எதனைக் காண்பது, எதனைத் தெரிவது, எவ்வரிசையில் உரைப்பது என்னும் சிந்தனையைப் பிள்ளை தனக்கு நெருக்கமான மொழியில், பெற்றோரோடு உரையாடி வளர்த்துக்கொள்ளலாம் என்றே கூறுகிறோம். பெயர்த்துச் செல்ல வேண்டியது வாக்கியத்தை அன்று, தெளிவை.

நாம் செய்யக் கூடியவை

பெற்றோர்களே! இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. உங்கள் இல்லத்து மின்கட்டணச் சீட்டுகளைப் பன்னிரண்டு மாதங்களுக்குச் சேர்த்து வையுங்கள். இவ்வாண்டிற்கு ஒன்று, சென்ற ஆண்டிற்கு ஒன்று எனப் பிள்ளையைக் கொண்டு இரண்டு பட்டைப் படங்கள் வரையச் செய்யுங்கள். ஆகஸ்டு மாதத்துப் பட்டை ஏன் உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், எவ்வளவு உயர்ந்தது, எதனைவிட உயர்ந்தது, இரண்டு ஆண்டுகளிலும் ஒரே மாதம்தான் உச்சமா என்று கேளுங்கள். இரவு உணவின்போது ஐந்து வாக்கியங்களில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் அதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரைப் பாடம் என்றால் பண்டிகைகளும் தலைவர்களும் மட்டுமே என்னும் எல்லையைச் சற்று விரித்து, மேல்வகுப்பு மாணவர்களுக்கு மாதம் ஒரு பாடவேளையை விளக்கப்படங்களை ஒப்பிட்டு உரைக்கும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். மடங்கு, பங்கு, விகிதம், உச்சம், சரிவு, இடைவெளி, ஏறத்தாழ, அதேவேளையில், இதற்கு மாறாக என இப்பயிற்சிக்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் தமிழில் நிறைவாக உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பைத்தான் நாம் பிள்ளைகளுக்கு வழங்க வேண்டும். தமிழ் என்பது விழா மேடைக்கும் பாட்டிக்கும் உரிய மொழி, எண்ணுக்கும் ஆய்வுக்கும் உரியது ஆங்கிலம் என்னும் பிரிவினை பிள்ளையின் உள்ளத்தில் ஒருமுறை வேர்விட்டால், பிறகு அதனைக் களைதல் அரிது. பதினைந்து வயதில் தமிழ் வகுப்பை விடும் பிள்ளை, வளர்ந்தவர் பேசும் தமிழை அடையுமுன்னரே குழந்தைத் தமிழோடு நின்றுவிடுகிறது. நாம் இழப்பது அதுவே.

மாணவச் செல்வங்களே! தேர்வறையில் இரண்டு படங்கள் உங்கள் முன் விரியும்போது உடனே எழுதத் தொடங்காதீர்கள். தலைப்பைப் படியுங்கள், அலகையும் அளவுகோலையும் காணுங்கள், பொதுத்தன்மை யாது என உங்களையே வினவுங்கள், முதன்மைச் செய்தி இதுவென ஒரே வாக்கியத்தில் மனத்துள் சொல்லிக்கொள்ளுங்கள். அவ்வாக்கியம் தமிழில் தோன்றினும் ஆங்கிலத்தில் தோன்றினும் கவலையில்லை. அது தெளிவாக இருந்தால், உங்கள் எழுதுகோல் எம்மொழியிலும் தடையின்றி ஓடும்.